ஒரு படம் ஓடியாச்சு, கையில் மூன்று கதை: புதுமுக நடிகை கையெழுத்துப் போடும் முன் எதைப் பார்க்கணும்?

பனங்காட்டு_ரீல் (கேள்வி):

தமிழ் சினிமா நிலவரத்தை வைத்தே கேட்கிறேன். நடிகைக்கு 22 வயது, முதல் படம் ஓடிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த மாதத்திலேயே மூன்று கம்பெனிகள் கூப்பிடுகின்றன. ஒருவர் 40 நாள் மொத்தமாகத் தேதி கேட்கிறார். இன்னொருவர் தமிழ், தெலுங்கு ரெண்டும் சேர்த்து ஒரே படம் என்கிறார். மூன்றாமவர் சம்பளத்தைக் கொஞ்சம் குறைத்து மூன்று பட ஒப்பந்தம் நீட்டுகிறார். தாய்மொழி தமிழ் இல்லை. முதல் படத்தில் வேறொருவர் குரல்.

"நல்ல கதையாப் பார்த்துப் பண்ணு" என்று எல்லாரும் சொல்வார்கள், அது வேண்டாம். தேதி, காகிதம், பணம், டப்பிங் இந்த நாலிலும் எங்கே சறுக்கும், ஏன் சறுக்கும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

—

கால்ஷீட்_கணக்கு:

தேதியிலிருந்து ஆரம்பிப்போம். இரண்டாவது படத்தில் பெயர் கெடுவது பெரும்பாலும் அங்கேதான்.

40 நாள் கேட்கிறார்கள் என்றால் முதல் கேள்வி, அதில் எத்தனை நாள் ஹீரோவோடு காம்பினேஷன், அதாவது இருவரும் சேர்ந்து வரும் காட்சிகள்? ஹீரோ தேதி நகர்ந்தால் ஹீரோயின் தேதியும் சேர்ந்து நகரும். ஒரு வாரம் ஹோட்டலில் சும்மா உட்கார்ந்துவிட்டு, அந்த ஏழு நாளை அடுத்த மாதம் திரும்பக் கொடுக்க வேண்டி வரும். அடுத்த மாதமோ வேறு கம்பெனிக்குப் போயிருக்கும். அதனால் உறுதி செய்த தேதியை ஏழு நாளுக்குக் குறைவான அவகாசத்தில் ரத்து செய்தால் அது பயன்படுத்திய நாளாகவே கணக்கில் வரும் என்று ஒரு வரி ஒப்பந்தத்தில் இருக்கட்டும். பெரிய கம்பெனிகள் முதலில் முகம் சுளிக்கும். மூன்று நாள் அவகாசத்துக்காவது இறங்கி வருவார்கள்.

இரண்டாவது கேள்வி, செட்டா லைவ் லொக்கேஷனா? செட் போட்டால் தளத்துக்குத் தினமும் வாடகை ஓடும். இடிக்கும் தேதியும் முன்பே குறித்திருப்பார்கள், அந்த நாட்களை அசைக்கவே முடியாது. தெருவிலோ வீட்டிலோ எடுக்கும் காட்சி என்றால் இரண்டு நாள் தள்ளிப் பேசலாம். ஆகவே காலண்டரில் செட் தேதிகளைப் பேனாவில் எழுதுங்கள், மற்றதைப் பென்சிலில். பேனாத் தேதியின் மேல் இன்னொரு பேனாத் தேதியை மேனேஜர் ஒருபோதும் எழுதக்கூடாது. ரெண்டு கம்பெனியிலும் "பார்த்துக்கலாம் சார்" என்று சொல்லிவிட்டு, கடைசி நாளில் ஒருவரிடம் காய்ச்சல் என்று சொல்லும் பழக்கம் ஒரே ஒரு தடவைதான் பலிக்கும். அப்புறம் புகார் தயாரிப்பாளர் சங்கத்துக்குப் போகும், ரெட் கார்டுப் பேச்சு (இவரை வைத்துப் படம் எடுக்காதீர்கள் என்ற தடை) வரும், அடுத்த படத்துக்குத் தேர்வு நடக்கும் அறையில் பெயர் சொன்னதும் "அந்தப் பொண்ணு தேதி சொதப்பும்பா" என்பார்கள்.

"படம் முடியும் வரை" என்று நாள் எண்ணிக்கை இல்லாமல் எழுதியிருந்தால் கையெழுத்துப் போடவே கூடாது. படப்பிடிப்பு 40 நாள், இந்த மாதத்திலிருந்து இந்த மாதத்துக்குள். பேட்ச்வொர்க் (விட்டுப்போன ஷாட்களைப் பின்னால் எடுப்பது) 3 நாள். டப்பிங் 3 நாள். விளம்பர நிகழ்ச்சிகள் 5 நாள். இவற்றைத் தாண்டினால் ஒரு நாளுக்கு இவ்வளவு. எண்கள் படத்துக்குப் படம் மாறும், ஆனால் நாலு தலைப்பும் தனித்தனியாக எழுத்தில் இருக்க வேண்டும்.

இருமொழிப் படத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. உண்மையிலேயே இருமொழியில் எடுப்பதென்றால் வசனம் உள்ள ஷாட்டை ரெண்டு தடவை நடிக்க வேண்டும். வைட் ஷாட்டை ஒரே தடவை எடுத்துவிட்டு க்ளோசப்பை மட்டும் மறுமொழியில் எடுப்பவர்களும் உண்டு. எப்படிப் பார்த்தாலும் வசனக் காட்சிக்கு நேரம் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்காகும். ஒரு மொழியில் எடுத்து மறுமொழியில் டப் செய்வதையும் சிலர் இருமொழிப் படம் என்றே சொல்லிக்கொள்கிறார்கள். எது என்று கேட்டு அதற்கேற்ப நாளும் சம்பளமும் பேசுங்கள்.

இனி யாரும் அதிகம் பேசாத கண்டினியூட்டி, அதாவது ஒரே படத்தில் தோற்றம் காட்சிக்குக் காட்சி மாறாமல் இருப்பது. ஒரு படத்துக்கு முடியில் கலர் அடித்தாகிவிட்டது, அடுத்த படத்தில் கிராமத்துப் பெண். முதல் படத்தின் பேட்ச்வொர்க் ஐந்து மாதம் கழித்து வருகிறது. விக் வைத்துச் சமாளிக்கலாம்தான், ஆனால் நெற்றி ஓரம் க்ளோசப்பில் காட்டிக்கொடுத்துவிடும். புருவத்தின் வடிவம், நக நீளம், கடற்கரை அவுட்டோரில் கறுத்த தோல், எடை எல்லாமே இதே சிக்கல்தான். ஒவ்வொரு காட்சி முடிந்ததும் முன்பக்கம், இரண்டு பக்கவாட்டு, பின்பக்கம், கை, கால் என்று ஆறு படம் எடுத்து, காட்சி எண், தேதி போட்டு வைக்க வேண்டும். உதவி இயக்குநரும் காஸ்ட்யூமரும் எடுப்பார்கள். ஆனால் ஆறு மாதம் கழித்து அந்த உதவி இயக்குநர் வேறு படத்தில் இருப்பார், அவர் போனும் மாறியிருக்கும். இரண்டு படத்துக்கும் தோற்றம் ஒத்துவராது என்றால் முதல் படத்தின் பேட்ச்வொர்க் முடியும் வரை முடியில் கை வைக்க மாட்டேன் என்று இரண்டாவது கம்பெனியிடம் முன்பே சொல்லிவிடுவது உத்தமம்.

வழக்கமான பகல் கால்ஷீட் காலை 9 முதல் மாலை 6. ஹீரோயினுக்கு மேக்கப், முடி, புடவை என்று ஒன்றரை, இரண்டு மணி நேரம் முன்னால் போகும், ஆக 7 மணிக்கே நாற்காலியில் இருக்க வேண்டும். இரவுக் காட்சி நீண்டு விடிந்துவிட்டால் அடுத்த அழைப்புக்கு 12 மணி நேரமாவது இடைவெளி கேளுங்கள். இதை நட்சத்திர பந்தா என்பவர்கள் க்ளோசப்பில் கண் வீங்கித் தெரிந்தால் கேமராமேனைத்தான் திட்டுவார்கள்.

—

ரசீது_புத்தகம்:

மேலே சொன்னதெல்லாம் சரி. பணத்தை நான் சொல்கிறேன்.

பேசிய தொகை கைக்கு வரும் தொகை அல்ல. உதாரணத்துக்கு 10 லட்சம் என்று வைத்துக்கொண்டால், தொழில்முறைக் கட்டணம் என்பதால் தயாரிப்பாளர் 10 சதவீதம் டிடிஎஸ் (முன்கூட்டியே பிடித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி) பிடிப்பார். 1 லட்சம் போய் 9 கைக்கு வரும். மேனேஜருக்கு வழக்கமான 10 சதவீதம் என்றால் 10 லட்சத்துக்கா 9 லட்சத்துக்கா என்பதை முன்பே எழுதிக்கொள்ளுங்கள், இதில்தான் முதல் சண்டை வரும். பிடித்த டிடிஎஸ்ஸைக் கட்டாமல் விடும் கம்பெனிகளும் உண்டு. காலாண்டுக்கு ஒரு தடவை வருமான வரித் தளத்தில் தன் பான் எண்ணில் அந்தத் தொகை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஏறவில்லை என்றால் படம் வெளிவரும் முன் கேட்க வேண்டும். வெளிவந்த பிறகு அலுவலகமே இருக்காமல் போகலாம், ஒரே ஒரு படத்துக்காக மட்டும் தொடங்கிய கம்பெனிகள் அவற்றில் பல.

ஜிஎஸ்டி: நிதியாண்டில் மொத்த வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம், வரி 18 சதவீதம். மொத்தம் என்றால் சினிமா, விளம்பரம், கடைத் திறப்பு, இன்ஸ்டாகிராம் ஒப்பந்தம் எல்லாம் சேர்த்துத்தான். சேவைகளுக்கு அட்வான்ஸ் கையில் வந்தாலே ஜிஎஸ்டி கட்ட வேண்டிய கடமை வந்துவிடும், படம் முடியக் காத்திருக்க முடியாது. ஒப்பந்தத்தில் "சம்பளம் 10 லட்சம்" என்று மட்டும் எழுதிவிட்டால், ஜிஎஸ்டியும் அதற்குள்தான் என்று தயாரிப்பாளர் சாதிப்பார். "ஜிஎஸ்டி தனி" என்ற இரண்டே வார்த்தை இருந்தால் தயாரிப்பாளர் மேலே 1.8 லட்சம் தர வேண்டும். பில்லில் ஜிஎஸ்டியைத் தனியாகக் காட்டியிருந்தால் டிடிஎஸ் 10 லட்சத்துக்கு மட்டும் பிடித்தால் போதும், 11.8-க்கு அல்ல. கணக்காளர்கள் அடிக்கடி தவறவிடும் இடம் இது.

ஆண்டு வரவு 50 லட்சத்துக்குள் இருந்தால், ரொக்க வரவு 5 சதவீதத்துக்குள் இருக்கும்பட்சத்தில் 75 லட்சம் வரை, பாதியை லாபமாகக் காட்டி வரி கட்டும் எளிய வழி சினிமாக் கலைஞர்களுக்கும் உண்டு. அப்படிச் செய்தால் முன்கூட்டிய வரியை மார்ச் 15-க்குள் ஒரே தவணையில் கட்டிவிடலாம். பிராண்டுகள் இலவசமாக அனுப்பும் பை, போன் எல்லாமும் கணக்கில் வரும். 2022 ஜூலை முதல், ஒரு நிறுவனம் ஆண்டுக்கு 20,000 ரூபாய்க்கு மேல் பொருளாகக் கொடுத்தால் அதற்கும் 10 சதவீத டிடிஎஸ் உண்டு.

தவணை பிரிப்பு: கையெழுத்தின்போது ஒரு பங்கு, ஒவ்வொரு ஷெட்யூல் (படப்பிடிப்புக் கட்டம்) தொடங்கும் முன் ஒரு பங்கு, மீதி டப்பிங்குக்கு முன். "ரிலீஸுக்கு முன்" என்று எழுதாதீர்கள். ரிலீஸ் தேதி தள்ளிப் போய்க்கொண்டே இருக்கும், பாக்கியும் கூடவே போகும். மீதிக்குப் பின்தேதியிட்ட (இனி வரும் தேதி போட்ட) காசோலை கொடுத்தால், அதில் எழுதிய தேதியிலிருந்து மூன்று மாதம்தான் செல்லும். "கொஞ்சம் பொறுங்க, அடுத்த வாரம் போடுங்க" என்று அந்த மூன்று மாதத்தைத் தாண்ட வைப்பது பழைய தந்திரம். காசோலை திரும்பினால், வங்கித் தகவல் வந்த 30 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ். அது கிடைத்து 15 நாளில் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் வழக்கு. ஒரு கெடு தவறினாலும் கிரிமினல் வழக்கு பலவீனமாகிவிடும்.

மூன்று பட ஒப்பந்தம்: எனக்கு இது பிடிக்காது. இரண்டாவது, மூன்றாவது படச் சம்பளத்தை இன்றே முடக்குவதுதான் அதன் நோக்கம். போட்டே ஆக வேண்டும் என்றால், படத்துக்குப் படம் சம்பளம் ஏற வேண்டும், 24 மாதத்துக்குள் அடுத்த படம் தொடங்காவிட்டால் ஒப்பந்தம் தானாக முடிய வேண்டும், இடையில் வெளிப்படங்கள் செய்யத் தடை இருக்கக்கூடாது. காலம் முடிந்த பிறகும் வேறு கம்பெனியில் நடிக்கக்கூடாது என்ற நிபந்தனை இந்திய ஒப்பந்தச் சட்டம் 27-ஆவது பிரிவின்படி செல்லாது. ஒப்பந்தக் காலத்துக்குள் விதிக்கும் தடையை நீதிமன்றங்கள் பொதுவாக ஏற்கின்றன. ஆகவே காலம் எவ்வளவு என்பதில்தான் கண் இருக்க வேண்டும்.

புதிதாக ஒன்று: முகத்தையும் குரலையும் ஏஐ மூலம் மறுபடி உருவாக்கும் உரிமை. சில ஒப்பந்தங்களில் "இப்போதுள்ள, இனி வரப்போகும் எல்லாத் தொழில்நுட்பத்திலும்" என்று ஒரு வரி உள்ளே புதைந்திருக்கும். இந்தப் படத்துக்கு, இந்தப் பாத்திரத்துக்கு, எழுத்து மூலம் சம்மதம் வாங்கிய பின் மட்டும் என்று அதைத் திருத்துங்கள். ஒருவரின் பெயர், உருவத்தின் மேல் அவருக்குள்ள உரிமையை 2015-ல் ரஜினிகாந்த் வழக்கிலேயே சென்னை உயர் நீதிமன்றம் ஏற்றிருக்கிறது. ஆனால் தானே எழுதிக்கொடுத்ததை எதிர்த்து வாதாடுவது கடினம்.

—

லூப்_நம்பர்_47:

டப்பிங் பற்றி யாரும் தொடவில்லையே. "மீதி டப்பிங்குக்கு முன்" என்று மேலே சொன்னாரே, அது சொந்தக் குரல் கொடுப்பவருக்குத்தான் பலிக்கும். அவருக்கு டப்பிங் தியேட்டர் வாசல் ஒரு சுங்கச்சாவடி, பணம் வந்தால்தான் படம் தாண்டிப் போகும். வேறொருவர் குரல் என்றால் அந்தச் சாவடி நம்முடையதே இல்லை. அப்படிப்பட்டவர் மீதியை "கடைசிப் படப்பிடிப்பு நாளுக்கு முன்" என்றுதான் எழுதிக்கொள்ள வேண்டும். கேள்வியில் சொன்ன நடிகைக்கு இதுதான் முதல் திருத்தம்.

இரவல் குரல் ஒன்றும் அவமானம் இல்லை. சந்திரமுகியில் ஜோதிகாவுக்கு சவிதா ராதாகிருஷ்ணன் குரல், '96' படத்தில் த்ரிஷாவுக்குச் சின்மயி குரல். இரண்டிலும் அந்தக் குரல் இல்லாமல் பாத்திரத்தை யோசிக்க முடியாது. ஆனால் லைவ் சவுண்டில் எடுக்கும் படங்கள் கூடிவிட்டன, அங்கே தளத்தில் பேசியதுதான் இறுதி. மொழி வராதவரை அந்த இயக்குநர்கள் ஆடிஷனிலேயே தள்ளிவிடுவார்கள்.

செய்ய வேண்டியது: வசனப் பேப்பரை இரண்டு நாள் முன்னால் வாங்கித் தன் எழுத்தில் எழுதி, பொருள் புரிந்து மனப்பாடம். "ஒன், டூ, த்ரீ" என்று வாயசைத்துவிட்டுப் போனால் பின்னால் குரல் கொடுப்பவர் தலையில் இடிதான். ப, ம, வ மூன்றும் உதட்டில் தெரியும் எழுத்துகள், அந்த இடத்தில் உதடு சரியாக அசையாவிட்டால் எவ்வளவு நல்ல குரலும் ஒட்டாது. ழ, ள, ல பிழையைக் காது மன்னிக்கும் என்று நினைக்காதீர்கள், தியேட்டரில் பின்வரிசை வரை சிரிக்கும்.

குரல் சோதனைக்கு இரண்டு காட்சி போதும்: ஒன்று சாதாரணப் பேச்சு, ஒன்று அழுகை. அழுகையில் மட்டும் நன்றாக வந்து பேச்சில் சொதப்பினால் தேறாது, படத்தில் முக்கால்வாசி பேச்சுத்தானே. டப்பிங்கில் மெதுவான காட்சிகளை முதல் நாள் வைத்துக் கத்தல், ஓலம், சண்டை எல்லாவற்றையும் கடைசி நாள் மாலைக்குத் தள்ளுங்கள். முதல் நாளே கத்திவிட்டால் இரண்டாம் நாள் தொண்டை கட்டிக் குரல் அரை சுருதி இறங்கிவிடும், ஒரே காட்சியில் இரண்டு குரலாகக் கேட்கும்.

—

பனங்காட்டு_ரீல்:

சங்கச்சாவடி விஷயம் தோன்றவே இல்லை, நன்றி. அப்படியானால் அடுத்த படத்திலேயே சொந்தக் குரல்தான் வேண்டும் என்று அடம்பிடிக்கலாமா?

(சுங்கச்சாவடி. தட்டச்சுப் பிழை, சங்கத்தை இழுக்கவில்லை.)

—

மிட்_ஷாட்:

அடம் வேண்டாம் சகோ. அரைகுறைத் தமிழில் ஒரு படம் வந்து மீம் ஆகிவிட்டால், அடுத்து நன்றாகப் பேசினாலும் அந்த மீம்தான் சுற்றும். "முதலில் குரல் சோதனை, இயக்குநர் முடிவே இறுதி" என்று எழுதுங்கள். வாய்ப்பும் இருக்கும், படமும் பிழைக்கும்.

கதைத் தேர்வு வேண்டாம் என்று சொன்னாலும் ஒன்று மட்டும். வயதுக்கு மீறிய பாத்திரம் முத்திரை குத்திவிடும் என்று பயமுறுத்துவார்கள். 2015-ல் காக்கா முட்டையில் இரண்டு பையன்களுக்கு அம்மாவாக நடித்த ஐஸ்வர்யா ராஜேஷுக்கு அதுதான் பெயர் வாங்கிக் கொடுத்தது. பாத்திரத்துக்கு எத்தனை காட்சி என்று எண்ணுவதைவிட, அந்தப் பெண்ணை எடுத்துவிட்டால் கதை நின்றுவிடுமா என்று பாருங்கள். நிற்காமல் ஓடினால் அது இரண்டு பாட்டுக்கான தேதி, அவ்வளவுதான். அதற்கேற்ற சம்பளம் கேளுங்கள்.

செல்ஃப் டேப் (வீட்டிலேயே நடித்து அனுப்பும் ஆடிஷன் வீடியோ) கேட்டால்: போனைப் படுக்கைவாட்டில் வைத்து, பின்பக்கக் கேமரா, வெற்றுச் சுவர், ஜன்னல் வெளிச்சம் முகத்துக்கு நேராக. மின்விசிறியை நிறுத்துங்கள். எதிர்வசனம் சொல்பவர் லென்ஸை ஒட்டி நிற்கட்டும், இல்லையென்றால் பார்வை எங்கோ போகும். வாட்ஸ்அப்பில் வீடியோவாக அனுப்பினால் தரம் நொறுங்கும், டாக்குமென்டாக அனுப்புங்கள்.

—

ஆறு_பிரதி:

பாதுகாப்பைப் பற்றி யாரும் எழுதவில்லை, அதனால் சேர்க்கிறேன்.

பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம், 2013. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகப் புகார்க் குழு கட்டாயம். படத் தயாரிப்பு யூனிட்டுக்கும் இது பொருந்தும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2022 மார்ச்சில் தெளிவாகச் சொன்னது. அவுட்டோர் ஹோட்டல், கம்பெனி வண்டி எல்லாமும் சட்டப்படி பணியிடம்தான். ஒப்பந்தம் பேசும்போதே குழுவின் தலைவர் யார், எண் என்ன என்று கேட்டு வாங்கிவிடலாம். கேட்டதும் திருதிருவென்று முழித்தால் அதுவே ஒரு தகவல்.

புகார் எழுத்தில், ஆறு பிரதி, ஆதாரங்களும் சாட்சிப் பெயர்களும் சேர்த்து. சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள். தக்க காரணம் இருந்தால் குழு இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். விசாரணை 90 நாளில் முடிய வேண்டும். புகார் தயாரிப்பாளர் மேலேயே என்றால் மாவட்ட அளவிலான உள்ளூர்ப் புகார்க் குழுவுக்குப் போக வேண்டும். தென்னிந்திய நடிகர் சங்கத்திலும் நடிகை ரோகிணி தலைமையில் ஒரு குழு உண்டு. குற்றம் உறுதியானால் ஐந்து ஆண்டு தடைக்குப் பரிந்துரை என்று 2024 செப்டம்பரில் தீர்மானம் போட்டார்கள். அந்தக் குழு சட்டப்படியான குழுவுக்கு மாற்று அல்ல. சங்கத்திடம் போனதற்காக அந்த மூன்று மாதக் கெடு ஓடாமல் நிற்காது.

நெருக்கமான காட்சி இருந்தால் கதை சொல்லும்போதே என்ன செய்ய வேண்டும், எந்த உடை, யார் யார் தளத்தில் இருப்பார்கள், மானிட்டரை யார் பார்ப்பார்கள், ஸ்டில் எடுக்கலாமா, டூப் போட்டால் யார் சம்மதம் என்று தனித்தாளில் எழுதி ஒப்பந்தத்தோடு இணையுங்கள். தளத்தில் "இன்னும் ஒரு ஷாட் மட்டும்" என்று வரும் புதுக் கோரிக்கைக்கு அந்தத் தாளே பதில். கதை கேட்பது அலுவலகத்தில், பகலில், கூட ஒருவரோடு.

பத்திரிகையாளர் சந்திப்பு: எடை, காதல், நிறம் பற்றிய கேள்விக்குச் சிரித்து மழுப்பினால் அந்தச் சிரிப்பே யூடியூப் வீடியோவின் தம்ப்நெயில் (முகப்புப் படம்). 2025 நவம்பரில் எடை பற்றிய கேள்விக்கு நடிகை கௌரி கிஷன் அந்த அறையிலேயே இது உருவக் கேலி என்று நேராகச் சொன்னார். எல்லாராலும் அது முடியாது. முடியாதவர்கள் தயாரிப்பாளரின் மக்கள் தொடர்பாளரிடம் எந்த வகைக் கேள்வியைத் தடுக்க வேண்டும் என்று முன்பே சொல்லிவைக்கலாம், மேடையில் மைக் அவர் கையில்தானே.

—

கால்ஷீட்_கணக்கு:

ஆறு_பிரதி சொன்ன தனித்தாளில் ஒரு சேர்க்கை: பாட்டுக் காட்சியின் உடை ட்ரையல் படப்பிடிப்புக்கு மூன்று நாள் முன்பாவது நடக்க வேண்டும். காலையில் தளத்தில் உடையை முதன்முறை பார்த்து வேண்டாம் என்றால், நடனக் குழுவோடு நூறு பேர் காத்திருப்பார்கள், பழி அந்தப் பெண்ணின் மேல்தான் விழும். ட்ரையலில் மறுத்தால் தையல்காரருக்கு ஒரு ராத்திரி வேலை, அவ்வளவுதான்.